இதய அறுவையின் முதல் மேசையில் பெண். ஆய்வுக் கணக்கில் எங்கே? தெரியுமா உங்களுக்கு!

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதயத்தின் கதை புதிதல்ல. பல்லவ மன்னன் கச்சியில் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். அதே நாளில்தான் திருநின்றவூர்ப் பூசலார் தம் நெஞ்சுக்குள் கட்டிய கோயிலுக்கும் குடமுழுக்கு என்று இறைவன் மன்னன் கனவில் வந்து சொன்னதாகப் பெரியபுராணம் பேசுகிறது. அந்தக் கற்றளி நம் கயிலாசநாதர் கோயில்தான் என்பது அறிஞர்கள் கருத்து. திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் என்ற பெயரிலேயே சுவாமி இருக்கிறார். இதய நோய்க்காரர்கள் இன்றும் அங்கே போய் வேண்டிக்கொள்கிறார்கள்.

அந்தக் கயிலாசநாதர் கோயிலிலேயே காளை மேல் அமர்ந்து வீணை மீட்டும் மாதொருபாகன் சிற்பம் இருக்கிறதே, நின்று பார்த்திருக்கிறீர்களா? வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். நம் இதயத்தின் பெரும்பகுதி நெஞ்சின் இடப்பக்கம் சாய்ந்துதான் கிடக்கிறது. அதாவது உமையின் பக்கம்! சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்பி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓர் உடம்பில் சரிபாதி இடம் கொடுத்துவிட்டான். இதய அறுவை சிகிச்சையையும் அதற்குப் பின் வரும் சிக்கல்களையும் ஆராய்ந்த மருத்துவ உலகம் அப்படிக் கொடுத்ததா? இதைத் தேடிப் போனால் வியப்பு மேல் வியப்பு. சில இடங்களில் வயிறு எரிகிறது.

பட்டு நூலும் ஒரு பூத்தையல்காரியும்

ரத்தக் குழாயைத் தைக்கும் வித்தை பட்டு ஊர் ஒன்றில் பிறந்தது, தெரியுமா? அந்த ஊர் லியோன். பிரான்ஸ் நாட்டின் பட்டு நகரம். 1894ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ அங்கே கத்தியால் குத்தப்பட்டார். ஈரலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அறுந்துவிட்டது. அறுந்த குழாயைத் தைத்துக் காப்பாற்ற அன்றைய மருத்துவர்களால் முடியவில்லை. தலைவர் இறந்துபோனார். அந்த ஊரிலேயே, நெசவுத் தொழில் குடும்பத்தில் பிறந்து மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சி கரேல் என்ற இளைஞருக்கு அது ஆறவில்லை. துணியைத் தைக்க முடியும்போது குழாயை ஏன் தைக்க முடியாது?

அவர் யாரிடம் போய்க் கற்றார் தெரியுமா? லியோனில் பூத்தையலுக்குப் பேர்போன மேடம் லெருதியே என்ற பெண்மணியிடம்! மிக மெல்லிய ஊசி, வாசலின் தடவிய பட்டு நூல், துணி சுருங்காமல் விழும் தையல். இவற்றைப் பழகி, 1902இல் ரத்தக் குழாய்களை இணைக்கும் முறையை வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. இன்றைக்கு உலகத்தில் எந்த பைபாஸ் அறுவை நடந்தாலும் அதற்கு அடியில் அந்தப் பெண்மணி கற்றுக்கொடுத்த கைப்பழக்கம் இருக்கிறது. இப்போது இதயக் குழாய்களுக்குப் பட்டுக்குப் பதில் தலைமுடியைவிட மெல்லிய பாலிபுரோப்பிலின் இழை வந்துவிட்டது. பெரிய காஞ்சிபுரத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் ஜரிகையும் பட்டும் கையாளும் ஒவ்வொருவரும் இந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இன்னும் கேளுங்கள். 1938 ஆகஸ்டில் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்ற மருத்துவர், பிறந்தவுடன் மூடியிருக்க வேண்டிய ஒரு குழாய் மூடாமல் இருந்த பிள்ளையின் நெஞ்சைத் திறந்து, முறுக்குப் பட்டு நூலால் அதை இறுக்கிக் கட்டினார். பிறவி இதயக் கோளாறுக்கான அறுவையின் வரலாறே அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பிள்ளை ஏழு வயதுச் சிறுமி.

1944 நவம்பரில் பால்டிமோரில் உடம்பு நீலம் பாரித்த குழந்தைக்கு ஆல்ஃப்ரட் பிளாலாக் செய்த அறுவை: 15 மாதப் பெண் குழந்தை! அந்த அறுவைக்கான யோசனையைக் கொடுத்தவரும் ஒரு பெண், ஹெலன் டாசிக். காது சரியாகக் கேட்காத அவர், குழந்தைகளின் நெஞ்சில் விரல் வைத்தே இதயத்தின் ஓசையை உணர்ந்தவர். பிளாலாக்கின் பின்னால் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் கறுப்பின உதவியாளர் விவியன் தாமஸ். ஆய்வுக்கூடத்தில் அந்த முறையை உருவாக்கியவரும் அவரே.

1952 செப்டம்பரில் மின்னசோட்டாவில் உடம்பைக் குளிரவைத்து, இதயத்தைத் திறந்து, கண்ணால் பார்த்துக்கொண்டே மேலறைகளுக்கு இடையே இருந்த ஓட்டையை அடைத்தார் ஜான் லூயிஸ். நோயாளி ஐந்து வயதுச் சிறுமி.

1953 மே 6. இதய–நுரையீரல் இயந்திரத்தை வைத்து முதல் வெற்றி. பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் 26 நிமிடம் ஒருவரின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் முழு ஓய்வு கொடுத்து இயந்திரத்தால் உயிரை ஓட்டினார். நோயாளி 18 வயதுப் பெண்! அந்த இயந்திரத்தை அவரோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உருவாக்கியவர் அவர் மனைவி மேரி.

நான்கு மைல்கற்கள், நான்கிலும் மேசையில் படுத்திருந்தது பெண் உயிர்! இதில் தற்செயலும் உண்டு, உடற்கூறும் உண்டு: மூடாத அந்தக் குழாயும், மேலறைகளுக்கு இடையிலான ஓட்டையும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகின்றன. இப்படித் தொடங்கிய துறையில் அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்ததைப் பாருங்கள்.

1453 பேர், ஒரு பெண்கூட இல்லை

காஞ்சியிலிருந்து மேற்கே போனால் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நெஞ்சு அறுவைத் துறை. கிழக்கே போனால் சென்னை. அங்கே பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975இல் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். நம் ஊருக்கு இரண்டு பக்கமும் இரண்டு வரலாறு!

அதே 1970களில்தான் உலகம் ஒரு பெரிய கேள்வி கேட்டது: பைபாஸ் செய்தால் ஆயுள் நீளுமா, மாத்திரையே போதுமா? அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகள் நடத்திய ஆய்வில் 686 பேர். அத்தனை பேரும் ஆண்கள். ஐரோப்பாவில் நடந்த ஆய்வில் 767 பேர். அத்தனை பேரும் 65 வயதுக்குட்பட்ட ஆண்கள். இரண்டையும் சேர்த்தால் 1453 பேர். மூன்றாவதாக நடந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் 780 பேர். அதில் பத்தில் ஒருவர்தான் பெண். பெரும்பாலும் இந்த மூன்று ஆய்வுகளின் மேல்தான் உலகமெங்கும் பைபாஸ் விதிகள் எழுதப்பட்டன! ஆணின் உடம்பில் அளந்து தைத்த சட்டையைப் பெண்ணுக்கும் அப்படியே மாட்டிவிட்டார்கள். இது போதாதென்று 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பிள்ளை பெறும் வயதுப் பெண்களை ஆரம்பகட்ட மருந்து ஆய்வுகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. கருவைக் காக்கும் நல்லெண்ணம்தான். ஆனால் அந்தப் பெண்களுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று அறியும் வாசலும் அதோடு மூடிக்கொண்டது. 1993இல்தான் அமெரிக்காவில் சட்டம் போட்டு அதைத் திறந்தார்கள்.

பெண் என்றாலே ஒரு மதிப்பெண்!

இதய அறுவைக்கு முன்னால் ஆபத்தைக் கணக்கிட ஐரோப்பாவில் 1999இல் யூரோஸ்கோர் என்ற அட்டவணை வந்தது, தெரியுமா? எட்டு நாடுகளில் சுமார் 19,000 நோயாளிகளை வைத்துச் செய்தது. வயது, நுரையீரல் நோய், சிறுநீரகக் கோளாறு என்று 17 காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அதில் ஒன்று: பெண்ணாக இருப்பது! பெண்ணென்றால் ஆபத்துக் கணக்கில் ஒன்று கூடும். 2012இல் வந்த புதிய வடிவத்திலும் அது நீடிக்கிறது.

அட்டவணை பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2011 முதல் 2020 வரை பைபாஸ் செய்துகொண்ட சுமார் 13 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். நால்வரில் ஒருவர்தான் பெண். அறுவையையொட்டி இறந்தவர்கள் ஆண்களில் 100க்கு 1.7 பேர், பெண்களில் 2.8 பேர். பத்தாண்டில் கருவிகள் மாறின, மருந்துகள் மாறின. பெண்ணுக்கான இந்த இடைவெளி மட்டும் குறையவே இல்லை.

பெண்ணாக இருப்பதே ஒரு நோயா? அப்படி ஒரு மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஒற்றை எண்ணுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. ஒன்று உடம்பு: குழாயின் அளவு, ஹார்மோன், ரத்தத்தின் அளவு. இன்னொன்று வாழ்க்கை: யார் முதலில் மருத்துவமனைக்குப் போகிறார்கள், யார் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள், அறுவை முடிந்து வந்த மறுநாள் யார் அடுப்படிக்குப் போகிறார்கள். ஆய்வாளர்கள் முதலாவதைப் பால் என்றும் இரண்டாவதைப் பாலினம் என்றும் பிரிக்கிறார்கள். 2016இல், ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள் இவ்விரண்டையும் தனித்தனியாகக் கணக்கில் காட்ட வேண்டும் என்று சர்வதேச விதிமுறையே வெளியானது.

உடம்பிலிருந்து தொடங்குவோம். வயது வந்த ஆணின் இதயம் ஏறத்தாழ 300 கிராம், பெண்ணின் இதயம் 250 கிராம். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் பெண்ணுக்குக் குறுகலானவை. உடம்பின் அளவுக்கு ஈடுகட்டிப் பார்த்தாலும் குறுகல்தான். ஒன்றரை மில்லிமீட்டர் குழாயில் தையல் போடுவது கடினம், போட்ட தையல் அடைத்துக்கொள்வது எளிது.

அடுத்தது நான் படித்து அசந்துபோன விஷயம். இதய–நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் அதன் குழாய்களை ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் உப்புநீர்க் கரைசலால் நிரப்புவார்கள். இயந்திரத்தின் குழாய் அளவு ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் சிறிய உடம்புள்ள பெண்ணிடம் ரத்தமே குறைவு. ஒரே ஒரு டம்ளர் தண்ணீரை அண்டா மோரில் ஊற்றினால் தெரியாது, சின்னச் செம்பு மோரில் ஊற்றினால்? ரத்தம் நீர்த்துப்போகிறது, உறுப்புகளுக்குப் பிராணவாயு குறைகிறது, சிறுநீரகம் தத்தளிக்கிறது, வெளி ரத்தம் ஏற்ற வேண்டிவருகிறது. 2024இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு என்ன சொல்கிறது தெரியுமா? பைபாஸில் பெண்களுக்கு வரும் கூடுதல் இறப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், அறுவையின்போது ரத்தம் இப்படி நீர்த்துப்போவதன் வழியாகத்தான் வருகிறது! அதாவது தடுக்கக்கூடியது! சிறிய குழாய்கள், குறைந்த கரைசல், அல்லது இயந்திரமே இல்லாமல் துடிக்கும் இதயத்தில் தைப்பது. கடைசி முறையில் இந்திய மருத்துவர்களுக்கு நெடுநாள் கைப்பழக்கம் உண்டு. நம் நாட்டில் பைபாஸ்களில் பெரும்பகுதி அப்படித்தான் நடக்கிறது.

இதை நம் ஊரோடு சேர்த்துப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு. மேசையில் ஏறும்போதே ரத்தம் குறைவு. இயந்திரம் அதை இன்னும் நீர்க்கவைக்கிறது. அதிலும் ஒரு நுட்பம்: ஹீமோகுளோபின் ஆணுக்கு 13க்குக் கீழே போனால் சோகை, பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால்தான் சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அறுவையில் இருவரும் இழக்கும் ரத்தம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே பெரிய அறுவைக்குப் போகும் பெண்ணுக்கும் 13ஐயே எல்லையாக வைத்து, முன்கூட்டியே இரும்புச் சத்தை ஏற்றிவிட வேண்டும் என்று 2017இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. பன்னிரண்டரை இருக்கும் பெண்ணிடம் "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள் என்பதுதான் அதன் பொருள்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கும் கிரியாட்டினின் எண்ணும் இப்படித்தான். தசை குறைவான பெண்ணுக்கும் தசை நிறைந்த ஆணுக்கும் ஒரே எண் வந்தால், பெண்ணின் சிறுநீரகம்தான் கூடுதலாகச் சோர்ந்திருக்கிறது.

வால்வு விஷயத்தில் இன்னொரு வியப்பு! பெருந்தமனி வால்வு சுருங்கிப்போனதா என்று ஸ்கேனில் சுண்ணாம்புப் படிவை அளப்பார்கள். ஆணுக்கு 2000 அலகு வந்தால் கடும் நோய். பெண்ணுக்கு 1200 வந்தாலே கடும் நோய்! பெண்ணின் வால்வில் சுண்ணாம்பைவிட நார்த்திசு கூடுதல் என்பதால் இப்படி. 400க்கும் மேற்பட்ட பெண்களை மட்டுமே சேர்த்து ஐரோப்பாவில் நடந்த ரெயா ஆய்வு, நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றுவதையும் தொடைக் குழாய் வழியாக வால்வு வைப்பதையும் ஒப்பிட்டது. ஓராண்டுக்குள் இறப்பு, பக்கவாதம், திரும்ப மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவை திறந்த அறுவையில் 100க்கு 15.6, தொடை வழியில் 8.9. இந்த முடிவு வெளியானது 2024இல்தான்.

அறுவைக்குப் பின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது எல்லாரும் அஞ்சும் சிக்கல். பைபாஸ் முடிந்தவர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு வருகிறது. இந்தத் துடிப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கணிக்கும் பட்டியலிலும் பெண்ணுக்கு ஒரு மதிப்பெண் நெடுங்காலம் இருந்தது. 2024இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் அதை எடுத்தேவிட்டது!

மேசைக்கே வராதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. வராதவர்கள்?

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் தூக்கத்தைக் கெடுத்தது. பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை செய்யச் சொல்லி அனுப்பிய 405 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆண் பிள்ளைகளில் 70 விழுக்காட்டினருக்கு அறுவை நடந்திருந்தது. பெண் பிள்ளைகளில் 44. அதே மருத்துவமனை, அதே நோய்! பெற்றோரிடம் பேசியபோது வெளிவந்த கவலைகளில் ஒன்று, நெஞ்சில் தழும்பு விழுந்தால் நாளை கல்யாணம் எப்படி என்பது. 1938இல் பட்டு நூலால் கட்டிக் காப்பாற்றப்பட்ட அந்தச் சிறுமியைப் போன்ற பிள்ளைகள்தான் இவர்கள். தள்ளிப்போட்டு வளர்ந்தபின் வந்தால் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், அறுவை கடினமாகும், சிக்கல் கூடும். பிறகு அதே சிக்கலைப் "பெண்" என்ற கட்டத்துக்குள் எழுதிவைப்போம்.

சமூகம் உடம்புக்குள் எப்படி நுழைகிறது என்று 1959லேயே காட்டியவர் ஒரு தமிழ்ப் பெண், தெரியுமா? பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, போரின்போது கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த எஸ்.ஐ. பத்மாவதி, இந்தியாவின் முதல் பெண் இதயவியல் மருத்துவர். ஹெலன் டாசிக்கிடம் பயிற்சி பெற்றவர்! டெல்லியில் நுரையீரல் கெட்டு அதனால் இதயம் விரிந்துபோன 127 பேரை ஆராய்ந்தார். மேல்நாடுகளில் அது புகைபிடிக்கும் ஆண்களின் நோய். இங்கே பீடியைத் தொடாத பெண்களுக்கும் சமமாக வந்திருந்தது. காரணம் அடுப்புப் புகை! சாணி வறட்டியும் விறகும் எரிந்த மூடிய சமையலறை. பெண்ணின் இதயத்தைக் கெடுத்தது அவள் கருப்பை அன்று, அவள் நிற்கவைக்கப்பட்ட இடம். 103 வயது வாழ்ந்து 2020இல் மறைந்த அவருக்கு நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒரு படமாவது மாட்ட வேண்டும்.

கனடாவில் இதை எண்ணாகவே அளந்துவிட்டார்கள். இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்களிடம், குடும்பத்தின் முதன்மை வருமானம் யாருடையது, வீட்டு வேலையில் எத்தனை மணி நேரம், வீட்டில் மன அழுத்தம் எவ்வளவு என்றெல்லாம் கேட்டு ஒரு பாலின மதிப்பெண் உருவாக்கினார்கள். 2016இல் வந்த முடிவு: மறுபடி நெஞ்சுவலியும் மாரடைப்பும் யாருக்கு வரும் என்பதைக் காட்டியது ஆணா பெண்ணா என்பதைவிட இந்த மதிப்பெண்தான்! வழக்கமாகப் பெண் தலையில் விழும் சுமையைச் சுமந்த ஆணுக்கும் ஆபத்து கூடியது.

முப்பது நாளுக்குப் பின் வரும் சிக்கல்

இதய அறுவையின் சிக்கல் என்று உலகம் பெரும்பாலும் எதைக் கணக்கெடுக்கிறது? அறுவையிலிருந்து 30 நாளுக்குள் வருவதை. அந்தக் கணக்கில் நம் பெண்கள் எப்படித் தவறிப்போகிறார்கள் என்று பாருங்கள்.

சிறு வயதில் தொண்டை அழற்சியில் தொடங்கும் வாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுக்கும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்குவது பெண்களிடம்தான் மிகுதி. அவர்களுக்கு வால்வு மாற்ற வேண்டிவரும். இந்தியாவின் சொந்த வால்வு, சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. பல ஏழைக் குடும்பங்களுக்கு உயிர் கொடுத்த சாதனை அது. உலோக வால்வு எதுவானாலும் அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை வேண்டும்.

இப்போது அந்தப் பெண் கருவுறுகிறாள். வார்ஃபரின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். முதல் மூன்று மாதத்தில் குறைபாடுகளை உண்டாக்கலாம். நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து தாயின் உயிரே போகலாம். ஹெபாரின் ஊசி குழந்தைக்குப் போகாது. ஆனால் அளவு சிறிது தப்பினாலும் வால்வைக் காக்காது. அறுவை முடிந்து ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு கழித்து வரும் இந்தச் சிக்கல், 30 நாள் பட்டியலில் எந்தக் கட்டத்தில் ஏறும்?

அதைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? இதோ, சென்னை மருத்துவக் கல்லூரியில்! 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர் வரை இதய நோயோடு கருவுற்ற 1005 பெண்களின் 1029 கர்ப்பங்களைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். இவ்வளவு பெரிய பதிவேடு வளரும் நாடுகளில் அரிது. படித்தவுடன் நெஞ்சில் அடித்த எண்: 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு இதய நோய் இருப்பதே கர்ப்பத்தின்போதுதான் முதன்முதலாகத் தெரியவந்தது! நோய்களில் முதலிடம் வாதக் காய்ச்சல் வால்வு நோய்க்கு, 42 விழுக்காடு. நூறில் இரண்டு தாய்மார் இறந்தார்கள். செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்களிடம் ஆபத்து மிகக் கூடுதல். மணமாகாத இளம்பெண்ணுக்கு எந்த வால்வு வைப்பது, பழுதானதைச் சீர்செய்தே காப்பாற்ற முடியுமா, பிள்ளைப்பேறு பற்றி அவளிடமே முன்கூட்டிப் பேசினோமா என்ற கேள்விகளுக்கு இந்தப் பதிவேடுதான் நம் மண்ணின் விடை. பாஸ்டனிலிருந்து இது வராது.

இதயம் இடம் மாறும்போது

1967 டிசம்பர் 3, கேப்டவுன். மனித இதயத்தை மாற்றி வைத்த முதல் அறுவை. கிறிஸ்டியன் பர்னார்ட் பெயரை எல்லாரும் சொல்வோம். அந்த ஆணின் நெஞ்சில் 18 நாள் துடித்தது 25 வயதுப் பெண்ணின் இதயம், தெரியுமா? பெண்ணின் இதயத்தை ஆணுக்கு வைத்தால் பலன் குறைவு என்று பிற்காலப் பதிவுகள் காட்டின. ஆண்–பெண் வேறுபாட்டில் பெரும்பங்கு இதயத் தசையின் எடையில் இருக்கிறது என்று பின்னர் புரிந்தது. இப்போது கொடுப்பவர், பெறுபவர் இருவரின் இதய எடையையும் கணக்கிட்டுப் பொருத்தம் பார்க்கிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருக்கழுக்குன்றம். 2008 செப்டம்பரில் 15 வயது ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான பெற்றோர் அவன் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தார்கள். சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டு அவன் இதயம் கே.எம். செரியன் நிறுவிய மருத்துவமனைக்கு விரைந்தது; ஒரு சிறுமியின் நெஞ்சில் துடித்தது. தமிழ்நாட்டின் உறுப்புதான இயக்கம் அதற்குப் பிறகு எழுந்த வேகம் நாடறிந்தது.

அறுவை செய்பவர் ஆணா பெண்ணா என்பதும் பொருட்டாகுமாம்! கனடாவின் ஒன்டாரியோவில் 2007 முதல் 2019 வரை 13 லட்சம் அறுவைகளைப் பார்த்தார்கள். இதய அறுவை மட்டுமன்றிப் பலவகை. பெண் நோயாளிக்கு ஆண் மருத்துவர் செய்தபோது சிக்கல்கள் சற்றுக் கூடியிருந்தன. கத்தி பிடிப்பதில் வேறுபாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அறுவை முடிந்த இரவில் "வலிக்கிறது" என்று அவள் சொல்வதை யார் நம்புகிறார்கள் என்பதில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

இந்தக் கணக்கு அட்டவணைகளில் இரண்டே கட்டங்கள், ஆண், பெண். 2008லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளும் திருநங்கைக்கு ரத்தம் உறையும் ஆபத்து கூடலாம் என்று தெரியும். அவர் அறுவைக்கு வந்தால் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? அட்டவணையில் அதற்கு இடமில்லை.

வீடு திரும்பிய பின்

நெஞ்செலும்பை நடுவே பிளந்து, எஃகுக் கம்பியால் கட்டி அனுப்புவார்கள். எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்காதே, கைகளை விரித்து இழுக்காதே என்பது விதி. 12 லிட்டர் குடம் நிறைந்தால் 12 கிலோ! நாடாவை எறிந்து ஊடையை அடித்து நெருக்கும் தறி வேலையும், கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுப்பதும், நாள் முழுக்க ராட்டையில் தார் சுற்றுவதும் நெஞ்சையும் தோளையும் கேட்கும் வேலைகள். ஆண் நெசவாளர் அறுவை முடிந்து வந்தால் தறி நிற்கும். தார் சுற்றும் பெண் வந்தால் தார் வேலை மட்டும் நின்று, அடுப்பும் குடமும் அவளையே தேடுகின்றன. மார்பகத்தின் எடை காயத்தைக் கீழே இழுப்பதால் பெண்களுக்கு நெஞ்சுப் புண் பிரியும் ஆபத்து தனியே உண்டு. முன்பக்கம் கொக்கி வைத்த தாங்குப்பாடி இதற்கு உதவும் என்று எத்தனை வார்டுகளில் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? உடற்பயிற்சி மறுவாழ்வுக்குப் பெண்கள் குறைவாகவே வருகிறார்கள் என்று நாடு நாடாகப் பதிவாகியிருக்கிறது. வர நேரம் எங்கே கொடுத்தோம்?

பெண்களை மட்டுமே சேர்த்து நடக்கும் முதல் பெரிய பைபாஸ் ஆய்வு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, தெரியுமா? ரோமா விமன் என்று பெயர். கரேலின் பட்டுத் தையலுக்கு 120 ஆண்டு கழித்து! 2000 பெண்களைச் சேர்ப்பது திட்டம். காலிலிருந்து எடுக்கும் சிரையைவிட நெஞ்சிலும் கையிலும் இருந்து எடுக்கும் தமனிகள் பெண்ணுக்கு நீடித்து உழைக்குமா என்பது கேள்வி. ஆண்களை வைத்து எத்தனையோ முறை கேட்டுவிட்ட கேள்விதான் இது.